ஹைன்ஸ் மாட்டுக்குப் போட்ட ஊசி

மே மாதம் இருபதாம் தேதி காலையில் ஹைன்ஸ் மாடு பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கியபோது நோரீன் லினேன் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குள் ஃபின்டனுக்குப் போன் செய்தால் மதியத்துக்கு மேல் வந்து சினை ஊசி போட்டுவிடுவான். எந்தக் காளையின் ஊசி என்பதில்தான் அந்த வீட்டில் மூன்று வாரமாகச் சண்டை.

அந்தப் பக்கத்தில் மாட்டுக்கென்று தனியாகப் பெயர் யோசிக்க மாட்டார்கள். யாரிடம் வாங்கினார்களோ அவர் பெயர்தான் மாட்டுக்கு. அதன் மகளுக்கும் பேத்திக்கும் அதே பெயர். ஹைன்ஸ் கிழவர் மண்ணுக்குள் போய் இருபது வருஷம் ஆகிறது. லினேன் வீட்டு வயலில் அவர் இன்னும் செவலை நிறத்தில் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டு மேய்ந்தார். அதே மந்தையில் ஒரு பாதிரியாரும், ஒரு தபால்காரரும், கோள் சொல்லியே பேரெடுத்த ஒரு தையல்காரியும் உண்டு. மொத்தம் பத்தொன்பது உருப்படி.

இந்த மாடுகளை யாரும் கறப்பதில்லை. பாலெல்லாம் கன்றுக்குத்தான். கோடை முழுக்கக் குடித்து வளர்ந்த கன்றை இலையுதிர் காலத்தில் சந்தைக்கு ஓட்டிப்போனால், பின்தொடையின் அகலத்தைப் பார்த்து விலை கேட்பார்கள். கறிக்குத்தான். தகப்பன் காளை எது என்பதில் வருஷத்துச் சோறு அடங்கியிருக்கிறது. அதனால் கிளேர் கவுண்டியின் அந்தச் சுண்ணாம்புப் பாறை மேட்டில் மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் காளை பார்ப்பதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்வார்கள்.

நோரீனின் புருஷன் மாலக்கி சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து காளைகளின் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடு அவனை இரும்புக் கேட்டோடு சேர்த்து நசுக்கி இடுப்பு எலும்பை உடைத்துவிட்டது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். இரண்டு கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. மேட்டை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஊரில் ஒருவனிடம் அப்படிச் சொல்வது மீனவனிடம் கடலை மறக்கச் சொல்வது மாதிரி.

ஏனென்றால் அங்கே எல்லாம் தலைகீழ். மற்ற ஊர்களில் குளிர் வந்தால் மாட்டை மலையிலிருந்து கீழே இறக்குவார்கள். இவர்கள் அக்டோபர் கடைசியில் மேலே ஏற்றுவார்கள். கோடை வெயிலைக் குடித்த பாறை குளிர்காலம் முழுவதும் கதகதப்பை விடாது. படுக்க ஈரமில்லாத இடம், வற்றாத சுனை, பாறை இடுக்கில் கோடையெல்லாம் யாரும் தொடாமல் சேர்ந்த புல். மாடுகள் ஏப்ரல் வரை அங்கேதான். வயிறு நிறையும், ஆனால் கொழுப்பு ஏறாது. பிப்ரவரி, மார்ச்சில் ஆள் துணையில்லாமல் ஏதாவது கல்சுவர் மறைவில் கன்று போட்டு, நக்கிக் காயவைத்து நிறுத்திவிடும். சிறு தலைக் கன்று தருகிற காளையே மேட்டுக்கு ஏற்றது என்று பாட்டன் காலத்துப் பேச்சு.

மாலக்கி விரல் வைத்த காளை அப்படிப்பட்டதல்ல. அது பிரான்ஸ் நாட்டுக் காளை. செத்து ஆறு வருஷமாகிவிட்டது. உறைய வைத்த விந்து கொஞ்சம்தான் மிச்சம் இருப்பதால் அதை அடைத்த மெல்லிய குழாய், அதாவது ஒரு குச்சி, எழுபது யூரோ. சாதாரணக் காளைக்கு அந்தக் காசில் ஐந்து குச்சி வரும். செத்த காளைக்கு யானை விலையா என்று நோரீன் முதல் நாளே கேட்டாகிவிட்டது. உயிரோடு இருப்பவனுக்கு இங்கே என்ன விலை கொடுத்தார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். அது வேடிக்கைக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

அவன் தன்னைத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய கன்று சந்தையிலேயே அதிக விலைக்குப் போனது. அன்று ஊரே அவன் கையைக் குலுக்கியது. இப்போது சந்தைக்கு அவள்தான் போகிறாள். ‘அவர் எப்படி இருக்கார்?’ என்று ஆட்கள் கேட்பார்கள். போய்ச் சேர்ந்தவரை விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். அவன் கேட்பது கன்று அல்ல, மறுபடி மனிதர்கள் நடுவில் போய் நிற்பதற்கு ஒரு சாக்கு. அது புரிந்ததால்தான் அவளால் ஒரேயடியாக மறுக்க முடியவில்லை. மேட்டில் ஏறி இறங்குகிறவள் தான் என்பதால் சரி என்று சொல்லவும் முடியவில்லை.

“மேட்டுல தனியாக் கன்னு போடுற மாடு அது,” என்றாள், கை கழுவிக்கொண்டே. “நீ கேக்குற காளைக்குப் பொறக்குறதெல்லாம் தொடையும் தோளுமா வரும். நடுவுல மாட்டிக்கிச்சுன்னா அங்க யாரு இழுக்குறது? காக்காயா?”

“அது மேட்டுக்குப் போகாது. இந்த வருஷம் கொட்டகையிலயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்.”

“நீயா?”

கேட்ட பிறகுதான் அந்தச் சொல்லின் கூர்மை அவளுக்கே உறைத்தது. மாலக்கி புத்தகத்தை மூடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவனை அவள் அப்படி ஒரு தடவைகூட அடித்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பரிகாரமாகத்தான் போனை எடுத்து ஃபின்டனிடம் பிரான்ஸ் காளையைச் சொன்னாள்.

மூன்று மணிக்கு ஃபின்டன் வந்தான். காரின் பின்னால் பால் கேனைப் போன்ற குடுவை. திறந்தால் உறைகுளிரின் வெள்ளைப் புகை வழியும். பாதி ஜில்லாக் கன்றுகளுக்கு இவன்தான் தகப்பன் என்று சந்தையில் அவனைக் கேலி செய்வார்கள், அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். இந்த ஊசி தேறுமா என்று நோரீன் கேட்டதற்கு, தான் ஊசி போடுகிறவனே தவிர ஜோசியக்காரன் அல்ல என்று சொல்லிவிட்டு, குச்சியை வெந்நீரில் விட்டு உருகவைத்து, தோள் வரை நீண்ட கையுறையை மாட்டிக்கொண்டான். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஹைன்ஸ் மாடு எதுவும் நடக்காதது போலப் புல்லுக்குத் திரும்பிவிட்டது.

அக்டோபர் கடைசி ஞாயிறு அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் வந்து மாடுகளை மேட்டுக்கு ஏற்றினார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் பிளாஸ்கிலிருந்து தேநீரும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும். பதினெட்டு மாடுகள் பாறை மேல் குளம்பு தட்டக் கலைந்து போயின. கீழே நிறுத்தப்பட்ட பத்தொன்பதாவது கேட்டோரமாக நின்று இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் தீனித் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டது. அதன் பிறகு தொட்டியை விட்டு விலகவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் நோரீன் தினமும் காலையில் மேட்டுக்கு ஏறினாள். மழை பக்கவாட்டில் அடிக்கும். பாறை வெடிப்புகளில் கால் வைக்காமல் பார்த்து நடக்க வேண்டும். பதினெட்டும் கண்ணில் படும் வரை சுற்றிவிட்டு மத்தியானம் தாண்டித்தான் இறங்குவாள். கீழே மாலக்கி ஒரு நாளைக்கு நாலு தடவை கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். மூடிவைத்துப் புளிக்கவைத்த சைலேஜ் புல்லைக் கோலால் தள்ளினான். மூட்டைத் தீனியை முதலில் அளந்து வைத்தான், பிறகு அளக்காமல் வைத்தான். மாட்டின் முதுகைத் தேய்த்துவிட்டான். அவன் முகத்தில் ரத்தம் ஊறியது. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை உருளைக்கிழங்கு கேட்டான்.

கிறிஸ்மஸ் வாரத்தில் நோரீன் மாட்டின் வாலடியில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள். எலும்பு தட்டுப்படவில்லை. தாய் கொழுத்தால் உள்வழி சுருங்கும், கன்றும் பெருக்கும். அந்த ஊரில் முதல் நற்கருணை வாங்காத சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். மேட்டின் பஞ்சப் புல்தான் பாதிப் பிரசவம் பார்க்கிறது என்பார்கள்.

“தீனியைக் குறை மாலக்கி,” என்றாள் அன்றைக்கு. “கொழுப்பு ஏறிக்கிட்டே போகுது.”

“எழுபது யூரோ கன்னைச் சுமக்குறவ பட்டினி கிடக்கணுமா?”

நோரீன் தினம் சொல்லியிருக்க வேண்டும். மூட்டையைத் தூக்கி ஒளித்தாவது வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை சொல்லிவிட்டுத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டாள். மலிவான ஊசி என்றால் ஹைன்ஸ் மாடு மற்றவற்றோடு மேலே போயிருக்கும், மெலிந்திருக்கும், நடந்திருக்கும். விலை கொடுத்து வாங்கியதாலேயே அதற்கு அவ்வளவு அன்பு கிடைத்தது. அன்பு கெடுக்காத இடம் உலகத்தில் குறைவு.

மார்ச் ஆறாம் தேதி கணக்கு. ஆறும் போய்ப் பத்து நாள் கூடுதலாகவும் போய்விட்டது. பதினாறாம் தேதி மேட்டில் தபால்காரர் கன்று போட்டிருந்தார். நோரீன் போய்ச் சேர்ந்தபோது புதர் மறைவில் அது காய்ந்து, எழுந்து, பால் குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு இறங்கி வந்தவள் கொட்டகை வாசலில் மாலக்கியின் கைத்தடி ஒன்று கீழே கிடப்பதைப் பார்த்து ஓடினாள்.

ஹைன்ஸ் மாடு வைக்கோலில் கால் நீட்டிக் கிடந்தது. கன்றின் இரண்டு முன்குளம்புகள் வெளியே தெரிந்தன. புதுக் கன்றுக்கு அவ்வளவு பருத்த குளம்பு அவள் பார்த்ததில்லை. மாலக்கி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றான். முழங்கை வரை ரத்தம்.

“எப்பலேர்ந்து?”

“பதினோரு மணி இருக்கும்.”

மணி மூன்றாகியிருந்தது. “போன் உன் பையிலதான இருக்கு. எனக்குத்தான் சொல்லல, மாட்டு டாக்டருக்காவது சொல்லியிருக்கலாம்ல?”

“தானாப் போட்டுரும்னு நெனச்சேன்,” என்றான் அவன். “நீ இறங்கி வரும்போது கன்னு காஞ்சு நிக்கணும். நீ அதைப் பாக்கணும். அவ்வளவுதான் நெனச்சேன்.”

மாட்டு டாக்டர் ஓர்லா அரைமணி நேரத்தில் வந்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. கையை உள்ளே விட்டு வெகுநேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துழாவினாள். கன்றின் நாக்கை இழுத்தால் திரும்ப இழுக்கிறது, உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் இந்த வழியாக வராது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

“ரெண்டையும் காப்பாத்தத்தான் பாப்பேன்,” என்றாள். “ஒண்ணுதான்னு ஆயிட்டா எது வேணும்னு இப்பவே சொல்லிருங்க. மாடா, கன்னா?”

“மாடு,” என்றான் மாலக்கி.

நோரீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். யோசிக்க ஒரு மூச்சுகூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

கன்று செத்துத்தான் வந்தது. வைக்கோலில் கிடத்தினார்கள். பின்தொடை இரண்டும் பெரிய ரொட்டிகள் போல உருண்டிருந்தன. நீண்ட முதுகு, பொன் நிறத்து மயிர். சந்தையில் அதற்கு நிகராக ஒன்று நின்றிருக்காது. மாலக்கி அதன் ஈரமான காதை மடித்து விரித்து மடித்துக்கொண்டே இருந்தான்.

தாய் எழுந்திருக்கவில்லை. இடுப்புக்குள் நரம்பு நசுங்கிவிட்டது என்றாள் ஓர்லா. டிராக்டரில் இடுப்புக் கவ்வி மாட்டித் தூக்கிப் பார்த்தார்கள். நின்றது போல நின்று பின்னங்கால் மடிந்து விழுந்தது. புண் வராமலிருக்க நோரீன் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போட்டாள். மாலக்கி கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அதன் வாயருகே தண்ணீர் வைத்திருந்தான். ஒரு வீட்டுக்கு உடைந்த இடுப்பு ஒன்று போதாதா என்று அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவன் காதில் விழவில்லை. ஆறாம் நாள் ஓர்லா கடைசி ஊசியைப் போட்டாள். லாரி வந்து தாயைக் கொண்டுபோனது.

அதன் பிறகு மாலக்கி கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஜன்னலோரம்கூட உட்காரவில்லை. மத்தியானம் வரை படுக்கையில் கிடந்தான். எழுந்தால், மாடுகளை விற்றுவிடலாம், மேடு ஏறக் கால் உள்ளவன் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரே பேச்சு. ஏப்ரலில் மாடுகள் இறங்கி வாசல் வழியாகப் போனபோது அவன் எழுந்து எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு மாடு போனது நோரீனுக்குத் துக்கம்தான். அழுதாள், ஆறியது. ஆனால் இவன் போய்க்கொண்டிருக்கிறானே என்பது பயம். அது ஆறுவதாக இல்லை.

மே மாதம் பாதிரியார் மாடு பருவத்துக்கு வந்தது. அகன்ற இடுப்பு, நாலு தடவை மேட்டிலேயே கன்று போட்டுப் பழகிய மாடு. நோரீன் போன் செய்தாள். ஃபின்டன் வந்து காரை விட்டு இறங்கியவன் குடுவையைத் திறக்காமல் நின்றான். போன வருஷம் நடந்தது அவனுக்கும் உறுத்தியிருக்கிறது. அதே காளைக்கு இந்த வட்டாரத்தில் இன்னும் நாலு கன்றுகள் பிறந்தன, மூன்று மேட்டிலேயே ஆள் வைக்காமல் பிறந்தவை என்றான். நாலாவதைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்ததாம். இதை அவன் சிபாரிசாகச் சொல்லவில்லை, அந்தக் காளையைப் பற்றி அவள் கேட்டதற்குச் சொன்னான். அந்த மூன்றின் தாய்கள் எப்படிப்பட்டவை என்று அவள் கேட்டாள். மெலிந்தவை, நடந்தவை என்றான்.

இருவரும் சமையலறைக்குள் வந்தார்கள். மாலக்கி அப்போதுதான் எழுந்து, சட்டைப் பொத்தான் போடாமல் மேசையில் உட்கார்ந்திருந்தான்.

“கறுப்பு ஆங்கஸ் காளை ஊசி போடு,” என்றான் ஃபின்டனிடம், நிமிர்ந்து பார்க்காமல். “சின்னக் கன்னா வரும். இல்லன்னா எதையும் போடாத. விக்கப்போற மாட்டுக்கு எதுக்கு?”

“போன வருஷம் போட்டதையே போடு,” என்றாள் நோரீன்.

ஃபின்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நான் வெளியில நிக்கிறேன் மிஸஸ். பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. குச்சியை வெந்நீர்ல விட்டுட்டா அப்புறம் திரும்ப உறைய வைக்க முடியாது.”

கதவு சாத்திய பிறகு மாலக்கி கேட்டான். “உனக்குப் புத்தி பிசகிப்போச்சா?”

“அந்தக் காளை ஒண்ணும் பண்ணல. தீனிதான் கொன்னுச்சு.”

“நான் போட்ட தீனி.”

“நீ போட்ட. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.” நோரீன் அவன் எதிரில் உட்கார்ந்தாள். “கிறிஸ்மஸ்லயே எனக்குத் தெரியும் மாலக்கி. வாலடியில கை வச்சுப் பாத்தேன். ஒரே ஒரு தடவ சொன்னேன். அதுக்கப்புறம் வாயத் திறக்கல.”

“ஏன் திறக்கல?”

“நீ விசிலடிச்சிக்கிட்டு இருந்த.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“கொட்டகையில. மாட்டைத் தேய்ச்சுக்கிட்டே. இடுப்பு ஒடஞ்சதுலேர்ந்து உன் வாயில ஒரு பாட்டு கேட்டதில்ல நான். தினம் மேட்டுலேர்ந்து இறங்கும்போது பாதி வழியிலயே காதுல விழும். மூட்டையத் தூக்கி வச்சா அது நின்னுருமோன்னு பயமா இருந்துச்சு. அந்த மாட்டைவிட எனக்கு அதுதான் பெருசாத் தெரிஞ்சுது. அந்தப் பாட்டுக்காக மாட்டை வித்துத் தின்னவ நான்தான்.”

மாலக்கி சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினான். அவள் உதவிக்குப் போகவில்லை.

“மேல போய் மாட்டிக்கிச்சுன்னா?”

“பாதிரியார் எல்லாரோடவும் மேல போகட்டும். கைத்தீனி கிடையாது. மேல நான் இருப்பேன், கீழ போன் பக்கத்துல நீ இரு. நான் கூப்பிட்ட உடனே நீ டாக்டரைக் கூப்பிடணும். தானா வந்துரும்னு ஒரு நிமிஷம் உக்காரக் கூடாது.”

“எனக்குப் பயமாருக்கு நோரீன்.”

“எனக்கு மட்டும் என்னவாம். பத்து மாசம் சேந்து பயப்படுவோம்.”

அவன் கைத்தடிகளை எடுத்துக்கொண்டான். இரண்டு மாதத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டினான். வெயில் கண்ணில் பட்டுக் கூசியது போல நின்று, பிறகு முற்றத்தைக் கடந்து மாட்டை நிறுத்தியிருந்த இரும்புக் கூண்டுக்குப் போனான். கம்பியில் சாய்ந்துகொண்டு, தடி இரண்டையும் சுவரில் நிறுத்திவிட்டு, மாட்டின் வாலைப் பிடித்து ஒதுக்கினான். அது அவனுடைய பழைய வேலை.

ஃபின்டன் நோரீனைப் பார்த்தான். அவள் சரி என்று தலையசைத்தாள். குடுவையிலிருந்து புகை வழிய பிரான்ஸ் காளையின் குச்சி ஒன்றை எடுத்து வெந்நீரில் விட்டான். உருக நாற்பது விநாடி வேண்டும்.

அவள் மனதுக்குள் எண்ணினாள். பத்தில் ஹைன்ஸ் மாட்டின் மடிந்து விழுந்த கால் கண்ணில் வந்தது. இருபதில், மேட்டில் மழையில் தனியாகத் தான் நிற்பதும், புதர் மறைவில் அந்தப் பருத்த குளம்புகள் தெரிவதும், போனில் சிக்னல் இல்லாததும் வந்தன. தன் புருஷனை எழுப்புவதற்கு ஒரு மாட்டின் உயிரை இரண்டாம் தடவையாகப் பணயம் வைக்கிறோம், போன தடவை தெரியாமல் செய்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. முப்பதில் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது பாதிரியார் மாடு மிரண்டு கால் மாற்றியது. மாலக்கி ஒரு கையால் அதன் முதுகை நீவி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல என்றான்.

நாற்பது ஆனது. ஃபின்டன் குச்சியை வெளியே எடுத்துத் துடைத்தான்.